எதிர்முகப் பெஞ்சு

12 ஜனவரி 1998, திங்கள் இரவு

சாக் அண்ணாவுக்கு,

யார் எழுதுவது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். யுஸ்டினா. நீ நம் சபைக் காலனியை விட்டுப் போனபோது எனக்கு எட்டு வயது. இப்போது பதினான்கு. என்னைப் பற்றி வேறு ஒன்றும் முக்கியமில்லை, மூக்குக் கண்ணாடி வந்திருக்கிறது என்பதைத் தவிர. எல்லாம் அந்தக் கண்ணாடியால் வந்ததுதான்.

உன் முகவரியை மிஸஸ் கோவால் கண்டுபிடித்துக் கொடுத்தார். ஊரிலிருந்து தினமும் காரில் வந்து எங்களுக்கு இங்கிலீஷ் பள்ளி நடத்துகிறவர். சஸ்கட்டூன் நகரத்து டெலிபோன் புத்தகத்தில் இருக்கும் லாரிப் பட்டறைகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போன் செய்தாராம். எதற்கு என்று என்னைக் கேட்கவில்லை. பதில் எழுதினால் பள்ளிக்கூடத்துக்கு, அவர் பெயருக்கு எழுது. வேறு யார் பெயரில் வந்தாலும் மேலாளர் சாமுவேல் தபால் பையைப் பிரித்து, உறையைத் திருப்பிப் பார்த்துத்தான் கொடுப்பார். அது உனக்குத் தெரியும்.

கீழறையில் ஜாடி அலமாரிக்குப் பின்னால் டார்ச் வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு நேர் மேலே கழிப்பறை. அப்பா ஒரு இரவில் ஆறு முறை எழுந்திருக்கிறார். காலடி கேட்டதும் டார்ச்சை அணைத்துவிட்டு எண்ணுவேன். அவர் நின்றுகொண்டே இருப்பார். இருநூறு எண்ணும் வரை ஒன்றும் கேட்காது. பிறகு கொஞ்சம் சொட்டும். பிறகு ஒரு பெருமூச்சு. பெண்பிள்ளை அப்பாவைப் பற்றி இதையெல்லாம் எழுதக் கூடாது. ஆனால் இதை எழுதாமல் மற்றதை எழுத வழியில்லை.

அப்பா இன்னும் வயல் பொறுப்பில்தான் இருக்கிறார். அதனால் ஆராதனையில் ஆலோசனைக் குழுவோடு முன் பெஞ்சில், சபையைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். ஞாயிறு ஒன்றரை மணி நேரம். நூற்றுப் பத்து பேர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். அவரால் இருபது நிமிடம் தாங்க முடியாது. சனிக்கிழமை மத்தியானத்தோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார். அப்படியும் பிரசங்கத்தின் நடுவில் முழங்காலை இறுக்கிக்கொள்வதை நான் பார்க்கிறேன். உதடு வெளுத்துப்போகும். அவர் எழுந்தால் எல்லோர் முன்னாலும் நடுவழியாகத்தான் நடந்து வெளியே போக வேண்டும்.

போன புதன்கிழமை வேன் நகரத்துக்குப் போனது. எப்போதும் போல ஆறு பேருக்கு ஆறு வேலை. எனக்குக் கண்ணாடி. அது சீக்கிரம் முடிந்துவிட்டது. வேன் பல் டாக்டரிடம் போயிருந்தது, என்னைத் தனியாக எங்கே விடுவது? அப்பா தான் போகவேண்டிய இடத்துக்குக் கூட்டிப்போய், “மூலையில உக்காரு. சுவத்தப் பாரு. காத மூடிக்கோ” என்றார். நான் சுவரைப் பார்த்தேன். காதை மூடவில்லை.

பெண் டாக்டர். கதிர் வைத்தியம் செய்கிறவராம். அவர் சொன்னது எனக்கு அப்படியே மனப்பாடம்.

“புராஸ்டேட் சுரப்பியில புத்துநோய் இருக்கு, மிஸ்டர் வைப்ஃப். இன்னும் வெளிய பரவல. கதிர் குடுத்தா நல்லாவே கேக்கும். ஆனா உங்க சுரப்பி ரொம்பப் பெருசா இருக்கு. மூத்திர வழிய ஏற்கனவே நெரிச்சுக்கிட்டு இருக்கு. இப்படியே கதிர் குடுத்தா வீங்கி மொத்தமா அடைச்சுக்கும். கதிர் பட்ட இடத்துல அப்புறம் கத்தி வெச்சா புண்ணும் லேசுல ஆறாது. அதனால முதல்ல உள்ள இருந்தே சுரண்டி வழியத் திறந்துடணும். அந்தப் புண் ஆறணும். மூணு மாசம். அப்புறம் கதிர்.”

அப்பா கேட்டார்: “சுரண்டினாலே புத்து போயிடாதா?”

“போகாது. அது வழிய மட்டும்தான் திறக்கும்.”

வேன் வரும்வரை வெளியே பனியில் நின்றோம். “யுஸ்டினா, காலனியில ஒரு ஆளுக்கும் சொல்லக் கூடாது. அம்மாவுக்கும். ஆண்டவர் முன்னால சொல்லு” என்றார். சொன்னேன். தெரிந்தால் விதைப்பு வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். அது மட்டும்தானா என்று எனக்குத் தெரியாது.

நீ காலனி ஆள் இல்லை. ஐந்து நாள் யோசித்துத்தான் இதைக் கண்டுபிடித்தேன். இது சரியா என்று ஆண்டவரிடம் இன்னும் கேட்கவில்லை.

அப்பா எழுந்துவிட்டார். டார்ச்சை அணைக்கிறேன்.

யுஸ்டினா


29 ஜனவரி 1998

யுஸ்டினா,

உன் கடிதத்தை இரண்டு நாள் பிரிக்காமல் கருவிப் பெட்டிமேல் வைத்திருந்தேன். உறையில் வெள்ளரி ஊறுகாய் வாசனை அடித்தது. எந்த ஜாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாய் என்று பிரிப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

உன்மேல் எனக்குக் கோபமில்லை. நீ அப்போது சின்னக் குழந்தை. ஆனால் அவரைப் பற்றி எனக்கு எழுதுகிறாயே, என்னிடம் என்ன எதிர்பார்க்கிறாய்? டிராக்டர் இருக்கைக்கு அடியில் நான் ஒளித்து வைத்திருந்த ரேடியோவைக் கண்டுபிடித்தவர் அவர். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடித்திருக்கலாம். நேராகக் கொண்டுபோய்க் குழுவின் மேசையில் வைத்தார். “ஒளிச்சு வெக்கறவன் பொய் சொல்றவன்” என்று அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். தண்டனையாக இரண்டு வாரம் தனியாகச் சாப்பிட்டேன். மூன்றாவது வாரம் கிளம்பிவிட்டேன். முதல் கிறிஸ்துமஸுக்கு நான் போட்ட கடிதம் பிரிக்காமலே திரும்பி வந்தது. முகவரியை அடித்துவிட்டுத் திருப்பி அனுப்பச் சொல்லி எழுதியிருந்தது அவர் கையெழுத்தில்.

இப்போது அவரும் ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறார். சிரிக்கலாம் என்று பார்த்தேன். வரவில்லை.

எங்கள் பட்டறைக்கு வருகிற ஒரு லாரிக்காரருக்கு இதே வைத்தியம் நடந்தது. கேட்டேன். உன் டாக்டர் சொன்னது சரிதான். நம் வடக்கு வயல் ரோட்டுக்கு அடியில் மதகுக் குழாய் இருக்கிறதே, ஞாபகம் இருக்கிறதா? பீவர்கள் மரத்தைக் கடித்துக் கொண்டுவந்து குச்சியும் சேறும் வைத்து அடைத்துவிடும். தண்ணீர் ஏறி ரோடே அறுத்துக்கொண்டு போகும். அப்பாவும் நானும் இடுப்பளவு தண்ணீரில் நின்று தோண்டி எடுப்போம். எடுத்ததும் சோவென்று போகும். நான் கைதட்டுவேன். அவர் சொல்வார்: “எதுக்குடா தட்டற? பீவர் உள்ளதான் இருக்கு.” மூன்று நாள் கண்ணி வைத்து உட்கார்ந்திருப்பார். அறுவை என்பது குழாயைத் தோண்டுவது. கதிர் என்பது பீவரைப் பிடிப்பது. இரண்டும் வேண்டும், அந்த வரிசையில்.

அம்மாவிடம் சொல்லு. இது பதினான்கு வயதில் சுமக்கிற சுமை இல்லை.

சாக்


16 பிப்ரவரி 1998, இரவு

அண்ணா,

அம்மாவிடம் சொல்லு என்று ஒரு வரியில் எழுதிவிட்டாய். நீ யாரிடமும் சத்தியம் செய்யவில்லை. நான் செய்திருக்கிறேன். இங்கே அம்மா தினமும் “என்னடி, அப்பாவையே முறைச்சுப் பாக்கற?” என்று கேட்கிறாள். நான் “புதுக் கண்ணாடிம்மா” என்கிறேன். ஒரு மாதமாக இதே பொய்.

பயங்கரமான வாரம். செவ்வாய்க்கிழமை புயல். முன்வீட்டு விளக்குகூடத் தெரியவில்லை. அன்று இரவு அப்பா எழுந்து நின்றார். நான் இருநூறு எண்ணினேன். நானூறு எண்ணினேன். சொட்டவே இல்லை. பிறகு சுவரில் நெற்றியால் இடிக்கிற சத்தம் கேட்டது. மெதுவாக, ஒரே சீராக. நான் கீழே இருட்டில் உட்கார்ந்திருந்தேன். மேலே போனால் ஏன் விழித்திருந்தாய் என்பார்கள். போகாமல் இருந்தால் அவர் செத்துப்போவார். அந்தப் படிக்கட்டில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியாது. ஏறத் தொடங்கியபோது அம்மாவே எழுந்துவிட்டாள். அவர் வயிறு பானை மாதிரி இறுகிப்போயிருந்தது.

பனி தள்ளும் வண்டி முன்னால் போக, வேன் பின்னால் போனது. ஊர் ஆஸ்பத்திரிக்கு ஐம்பது மைல், நாலு மணி நேரம். குழாய் செருகி மூத்திரத்தை இறக்கினார்கள். ஒன்றரை லிட்டர் என்று அம்மா சொன்னாள்.

குழாயை எடுக்கவில்லை. காலில் ஒரு பையைக் கட்டி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பையோடு ஞாயிறு அன்று முன் பெஞ்சில் உட்கார்ந்தார். கறுப்புக் கால்சட்டைக்குள் ஒரு பக்கம் புடைத்திருந்தது. ஒன்றரை மணி நேரமும் நான் அதையே பார்த்தேன். எல்லோரும் அதையே பார்த்தார்கள். வெளியே வரும்போது சாமுவேல், “யாகோப், உனக்கென்னப்பா, கழிப்பற கூடவே நடந்து வருது. எங்களுக்கும் பிரசங்க நாளுக்கு ஒண்ணு வாங்கித் தரச் சொல்லு” என்றார். ஆம்பிளைகள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

மார்ச் ஐந்து அறுவை. காலனிக்கு அது மட்டும்தான் தெரியும். வயதான ஆம்பிளைக்கு வருகிற நீர்க்கட்டு, சுரண்டினால் சரியாகிவிடும், பாதிப் பேருக்கு நடந்ததுதான் என்று எல்லோரும் சாதாரணமாகப் பேசுகிறார்கள். உண்மையில் பாதியைக் காலனி முழுக்கப் பேசுகிறது. மறுபாதி என் ஒருத்தியின் வாயில் கிடக்கிறது. சாப்பிடும்போதுகூட வாயை அகலத் திறக்கப் பயமாக இருக்கிறது.

உன் பீவரை நினைத்துக்கொள்கிறேன்.

யு.


29 மார்ச் 1998, ஞாயிறு இரவு

அண்ணா,

அறுவை முடிந்தது. நல்லபடியாகத்தான் முடிந்தது. முதல் பத்து நாள் இரத்தமாகப் போனது, கொஞ்சம் கசிந்தது, அம்மா பழைய துண்டு தைத்துக் கொடுத்தாள். இப்போது அதுவும் இல்லை. இரவில் ஒரே முறை எழுந்திருக்கிறார். எண்ணத் தொடங்கும் முன்பே முடிந்துவிடுகிறது. குழாயடி மாதிரி கேட்கிறது. அப்பா கழிப்பறையில் பாட்டு முணுமுணுக்கிறார், நம்புவாயா?

எனக்கு இது நன்றாக இல்லை. முன்பெல்லாம் அவர் எப்போது விழித்திருக்கிறார், எப்போது தூங்குகிறார் என்று தெரியும். இப்போது வீடு முழுக்க அமைதி. யார் விழித்திருக்கிறார்கள் என்று தெரியாமல் எழுதுகிறேன்.

இன்று ஆராதனையில் ஒன்றரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். காலையில் இரண்டு கோப்பை காப்பி குடித்துவிட்டு! போதகர் யோசுவா, “நம் சகோதரன் யாகோப்புக்கு ஆண்டவர் சுகம் தந்தார்” என்று ஜெபம் பண்ணினார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அம்மா அழுதாள். நானும் ஆமென் சொன்னேன். வேறு என்ன செய்ய?

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா என் தோளில் கை வைத்தார். “நம்ம விஷயம் முடிஞ்சுதுடி. ஆண்டவரே முடிச்சு வெச்சுட்டாரு.”

“அப்பா, டாக்டரம்மா சொன்னது…”

“எனக்கு ஒடம்பு சொல்லுது. டாக்டரம்மாவுக்கு என் ஒடம்பவிடத் தெரியுமா?”

அவருடைய ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைத் துலக்கும்போது போன வாரமே அட்டையைப் பார்த்திருந்தேன். ஜூன் ஒன்று, காலை பத்து, கதிருக்கு அளவெடுக்க. எதற்கும் இருக்கட்டும் என்று தேதியையும் போன் எண்ணையும் என் கண்ணாடிக் கூட்டின் உள்பக்கத்தில் பென்சிலால் எழுதினேன். எழுதியது நல்லதாயிற்று. இன்று மத்தியானம் அந்த அட்டையை அவர் அடுப்பில் போட்டார். நான் பார்ப்பது தெரிந்தேதான் போட்டார்.

நோயாக இருந்தபோதாவது அவரைக் காப்பாற்ற வேண்டும் என்று எல்லோரும் நினைத்தார்கள். இப்போது எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். நான் வாயைத் திறந்தால் அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தவள். திறக்காவிட்டால்? அண்ணா, எது பெரிய பாவம்? சீக்கிரம் எழுது. ஆனால் பார்த்து எழுது.

யு.


20 ஏப்ரல் 1998

யுஸ்டினா,

போன வாரம் இரண்டு முறை காலனிக்குப் போன் செய்தேன். சாமுவேல் எடுத்தார். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார். இரண்டாவது முறை, “யாகோப்புக்கு இங்க மூணு பிள்ளைங்கதான்” என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அப்பாவுக்குத் தெரியும். அந்த டாக்டர் சொன்னபோது அவரே கேட்டு, போகாது என்று பதில் வாங்கினவர். மூன்று மாதம் என்பது புண் ஆறுவதற்குக் கொடுத்தது, மறப்பதற்குக் கொடுத்ததல்ல. பீவர் உள்ளேதான் இருக்கிறது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்த ஆள், சோவென்று தண்ணீர் போவதைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டு நிற்கிறார். கோழை. எதிர்முகமாக உட்கார்ந்து ஊரையே பார்க்கிறவருக்குத் தன்னைப் பார்க்கத் தைரியமில்லை. இதை அவரிடம் சொல்லு.

வேண்டாம், சொல்லாதே.

கதிர் ஏழு வாரம். வாரத்துக்கு ஐந்து நாள். சஸ்கட்டூனில்தான். தினமும் போய்வர முடியாது, தங்கித்தான் ஆக வேண்டும். அவர் வர மறுப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நான் இருக்கிற ஊர். நடந்து போகிற தெருவில் எங்கேயாவது என்னைப் பார்த்துவிட்டால்?

எனக்கு இரண்டாவது அறை ஒன்று இருக்கிறது. டயர்கள் கிடக்கின்றன. எடுத்துவிடலாம். இதையும் சொல்லாதே. இல்லை, எனக்குத் தெரியவில்லை. நீ பார்த்துக்கொள்.

சாக்


4 மே 1998, இரவு

அண்ணா,

உன் கடிதம் எனக்கு வருவதற்கு முன்னால் நாலு பேர் கைக்குப் போய்விட்டது. மிஸஸ் கோவாலின் மகளுக்குப் பிரசவம். அவர் இரண்டு வாரம் வரவில்லை. அவருக்குப் பதிலாக வந்த சின்ன டீச்சருக்கு ஒன்றும் தெரியாது. மிஸஸ் கோவால் பெயர் எழுதிய உறைக்குள் என் பெயர் எழுதிய உறை இருந்ததல்லவா, அதை நல்ல எண்ணத்தில் காலனி ஆளான ஜெர்மன் பள்ளி பவுல் வாத்தியாரிடம் கொடுத்துவிட்டாள். பின்பக்கம் உன் பெயர்.

பள்ளி விட்டதும் என்னை நிறுத்திவிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று நாற்காலி. நடுவில் போதகர் யோசுவா. ஒரு பக்கம் பவுல் வாத்தியார். இன்னொரு பக்கம் அப்பா, வயலிலிருந்து கூப்பிட்டு வந்திருந்தார்கள், பூட்ஸில் மண். இந்தப் பக்கம் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் நான். மேசைமேல் உன் கடிதமும் தோல் வாரும்.

“ஓடிப்போனவனுக்கு எத்தன கடிதாசு எழுதின?” என்றார் வாத்தியார்.

“மூணு.”

“என்ன எழுதின?”

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் மேசையைப் பார்த்தார். சொன்னால் சத்தியம் போகும். சொல்லாவிட்டால் வார். வாருக்கு நான் பயப்படவில்லை என்று எழுத ஆசை. பயந்தேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

“ஊமையாயிட்டியா? கைய நீட்டு.”

நீட்டினேன். போதகர், “இருங்க பவுல். பெத்தவன் இருக்கான். கடிதாசு பிரிக்கல இன்னும். யாகோப், நீயே பிரிச்சுச் சத்தமாப் படி” என்றார்.

அப்பா பிரித்தார். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. எனக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஒரு பக்கம் முடிந்து திருப்பினார். காது சிவந்தது.

“சத்தமாப் படிப்பா” என்றார் வாத்தியார்.

“கொஞ்சம் இரு.”

முடித்தார். மடித்தார். அண்ணா, அதற்குப் பிறகு அவர் செய்ததை நீ பார்த்திருக்க வேண்டும். நாற்காலியை விட்டு எழுந்தார். மேசையைச் சுற்றி வந்தார். என் பக்கத்தில் அந்தச் சின்னப் பெஞ்சில் உட்கார்ந்தார். முழங்கால் நெஞ்சுவரை வந்தது. இப்போது அவரும் அவர்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

“ஆறு வருஷத்துக்கு முந்தி ஒரு ரேடியோவக் கொண்டாந்து உங்க முன்னால வெச்சேன். ஒளிச்சு வெக்கறவன் பொய்யன்னு சொன்னேன். ஜனவரியிலேருந்து நான் ஒண்ண ஒளிச்சு வெச்சிருக்கேன்.”

“என்னது?” என்றார் போதகர்.

“புத்து. மார்ச்சுல பண்ணினது வழியத் திறக்கறதுக்கு மட்டும். நோய் உள்ளதான் இருக்கு. இவளச் சத்தியம் வாங்கிப் பூட்டி வெச்சேன். இவ காலனியில யாருக்கும் சொல்லல. அடிக்கணும்னா அந்தக் கை இல்ல, இது” என்று தன் கையை மேசைமேல் வைத்தார். விரலெல்லாம் கிரீஸ்.

வாத்தியார் வாரை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி.

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. அம்மாவிடம் அவரே சொன்னார். அம்மா கேட்டாள்: “நாப்பது வருஷமா உன் காலுசட்ட தைக்கறேன். எனக்குத் தெரியாம அதுக்குள்ள என்ன வெச்சிருக்க நீ?” பிறகு மூன்று நாள் அவரோடு பேசவில்லை. என்னோடும் பேசவில்லை. எனக்கு அது வாரைவிட வலித்தது. நாலாம் நாள் மாவு பிசைந்துகொண்டே, “அந்தக் கண்ணாடி நல்லாத்தான் இருக்கு” என்றாள்.

குழு கூடியது. வைத்தியத்துக்குப் போகலாம், ஆனால் ஆஸ்பத்திரி விடுதியில்தான் தங்க வேண்டும், உன் வீட்டில் கூடாது. நான் உனக்கு எழுதக் கூடாது. மிஸஸ் கோவாலிடமும் சொல்லிவிட்டார்கள். அவர் “சரி” என்று தலையாட்டிவிட்டு, என்னிடம் மெதுவாக, “என் கைப்பை பெரிசு, யுஸ்டினா” என்றார்.

இத்தனைக்கும் பிறகு அப்பா போகிறேன் என்று சொல்லவில்லை. “வெதப்பு முடியட்டும், பாக்கலாம்” என்கிறார். “கோதும நீ இல்லாமயும் மொளைக்கும்” என்று அம்மா கத்தினாள். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். சொல்லிவிட்டால் பயம் போய்விடும் என்று நினைத்தேன். சொன்ன பிறகுதான் அவர் பயப்படுவது எல்லோருக்கும் தெரிகிறது. தெரியத் தெரிய இன்னும் பிடிவாதம்.

உன் கடிதத்தை அவர் எனக்குக் கொடுத்தார். “படிச்சிட்டு அடுப்புல போடு.” படித்தேன். கோழை என்று எழுதிய இடத்தில் பெருவிரல் ரேகை கிரீஸாகப் பதிந்திருக்கிறது. டயர் அறையைப் பற்றி எழுதிய இடத்திலும். நான் அடுப்பில் போடவில்லை.

இன்று சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் டிராக்டர் கொட்டகைக்குப் போய், தேதி எழுதிய பக்கம் தெரிய என் கண்ணாடிக் கூட்டைத் திறந்து அவர் இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். உன் ரேடியோ இருந்த இடத்தில். நாளை காலை உட்காரும்போது காலில் இடிக்கும். அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை.

யு.


12 ஜூன் 1998, வெள்ளி

யுஸ்டினா,

வாரக் கடைசிக்கு வீட்டுக்கு வந்து இதை யார் கொடுக்கிறார் என்று பார்த்திருப்பாய். அதனால் முதல் செய்தியை எழுத வேண்டியதில்லை.

ஜூன் ஒன்று காலை பத்துக்கு அப்பா ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் சாயங்காலம் பட்டறை வாசலில் கறுப்புத் தொப்பியோடு ஒரு ஆள் நின்றார். உள்ளே வரவில்லை, கூப்பிடவும் இல்லை. நான் லாரிக்கு அடியில் படுத்திருந்தேன். பூட்ஸைப் பார்த்தே தெரிந்தது. வெளியே வந்தேன்.

“வடக்கு மதகுல இந்த வருஷம் மூணு புடிச்சேன்” என்றார்.

“பெருசா?”

“ஒண்ணு நாய் அளவு.”

அவ்வளவுதான் பேசினோம். ரேடியோவைப் பற்றி இதுவரை அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. திரும்பி வந்த கடிதத்தைப் பற்றியும். ஒரு நாள் பேசுவோமோ என்னவோ. இன்னும் எனக்கு அவர்மேல் அந்தக் கோபம் இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன்.

அவருக்கு இடுப்பில் மூன்று புள்ளி பச்சை குத்தியிருக்கிறார்கள், கதிர் தினமும் ஒரே இடத்தில் பட வேண்டும் என்பதற்காக. காலனியின் வயல் பொறுப்பாளர், அறுபத்திரண்டு வயதில், பச்சை குத்திக்கொண்டு! “சாமுவேலுக்குத் தெரிஞ்சா?” என்றேன். “அவன் என் இடுப்ப ஏன் பாக்கறான்?” என்றார்.

ஒரு நாள் கூடப் போனேன். உள்ளே போகுமுன் அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு முக்கால் மணி நேரம் அடக்கி வைத்திருக்க வேண்டும். மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் கதிர் மற்ற இடத்தில் படாதாம். சுவரோரம் நாற்காலிகள், எதிரெதிராக. எட்டுக் கிழவர்கள், எல்லோரும் குடித்துவிட்டு முழங்காலை இறுக்கிக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி. ஒருத்தர், “இன்னைக்கு மிஷின் லேட்டாம், நான் வெடிச்சா கொட புடிச்சுக்கோங்க” என்றார். அப்பா சிரித்தார். காலை நீட்டி, கையைக் கட்டி, கடிகாரத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். அந்த அறுவை இல்லாவிட்டால் அந்த நாற்காலியில் அவரால் ஒரு நாள்கூட உட்கார்ந்திருக்க முடியாது.

ஐந்து முடிந்தது, முப்பது இருக்கிறது. பலித்ததா என்று இலையுதிர் காலத்தில்தான் தெரியும். போகப்போக எரிச்சலும் அசதியும் வருமாம். வரட்டும்.

டயர்களை எடுத்துவிட்டேன். தினமும் என்னோடு சாப்பிட்டுவிட்டு விடுதிக்கு நடந்து போகிறார். குழு சொன்னது சொன்னதுதானாம். கட்டில் சும்மா கிடக்கிறது.

உன் கண்ணாடிக் கூடு அவர் கோட்டுப் பையில்தான் இருக்கிறது. தருவாரா என்று தெரியாது.

சாக்


14 ஜூன் 1998, ஞாயிறு மத்தியானம்

அண்ணா,

கூட்டைத் தரவில்லை. “முப்பது முடிஞ்சதும் தரேன்” என்றார். கண்ணாடியைத் துணியில் சுற்றி வைத்துக்கொள்கிறேன்.

எழுதக் கூடாது என்ற கட்டளை அப்படியேதான் இருக்கிறது. வாத்தியார் தினமும் என் நோட்டுகளைப் புரட்டுகிறார். பள்ளி இந்த மாதத்தோடு முடிகிறது, மிஸஸ் கோவாலின் கைப்பையும் முடிகிறது. அதனால் இன்று, அப்பாவைத் திரும்பக் கூட்டிப்போகிற வேன் கிளம்புவதற்குள், பழக்கத்தில் கீழறைக்கு ஓடி வந்து ஜாடிகளுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். பகல் என்பதே மறந்துபோய் டார்ச்சைப் பிடித்திருந்தேன்.

படியில் காலடி கேட்டது. அணைத்தேன். மேலே விளக்கு எரிந்தது.

“இருட்டுல எதுக்குடி? கண்ணு இருக்கறதும் போயிடும்” என்றார் அப்பா. காகிதத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பி, ஊறுகாய் ஜாடிகளைப் பார்த்தபடி நின்றார். “அவனுக்கா?”

“ஆமாம்ப்பா.”

வெளியே வேன் ஹாரன் அடிக்கிறது. ஆறு பேர் காத்திருக்கிறார்கள். நான் முடிக்கிறேன் என்றேன்.

“மெதுவா எழுது. நான் நிக்கறேன்.”

நான் எண்ணினேன், அண்ணா. இருநூறு தாண்டிவிட்டது. கடிதத்துக்காகக் கையை நீட்டியபடி இன்னும் நிற்கிறார்.

யுஸ்டினா